முன்சென்ற சுவடியும் பின்சென்ற புலவரும்: வியட்நாமியச் சிறைப்பாவலர் ஒருவரின் புகலிட வரலாறு

1. ஆய்வுப் பொருள்

அடைக்கலம் தேடி நாடு கடந்தோர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையைத் துணைக்கொண்டே எழுதுவர். எத்துணைப் பேர் புறப்பட்டனர், எத்துணைப் பேர் கரை சேர்ந்தனர், எந்நாடு எத்துணைப் பேரை ஏற்றது என்பன அவ்வரலாற்றின் தலைப்புகளாக அமையும். அவை வேண்டுவனவே. ஆயினும், புலம்பெயர்ந்தவர் ஒரு புலவராயின், அவர்தம் நூலும் பெயர்ந்த வரலாற்றை நாம் உடன் ஆராய்தல் வேண்டும். ஆளும் நூலும் ஒருங்கே எல்லை கடத்தல் பொதுவான நிகழ்ச்சி. நூல் ஒரு காலத்தும் ஆள் பிறிதொரு காலத்தும் கடத்தல் அரிது.

வியட்நாமியப் புலவர் நுயென் சி தியென் (1939–2012) என்பாரின் வரலாறு அத்தகைய அரிய வரலாறு. அவருடைய பாட்டுச் சுவடி 1979ஆம் ஆண்டில் தாய்நாட்டை விட்டு வெளியேறிற்று. அவரோ 1995ஆம் ஆண்டில்தான் வெளியேறினார். இடைப்பட்ட 16 ஆண்டுகளில் சுவடி அச்சேறிற்று, மொழிபெயர்க்கப்பட்டது, இசையமைக்கப்பட்டது, பரிசும் பெற்றது. அக்காலத்தின் பெரும்பகுதி அதனை யாத்தவர் சிறையில் இருந்தார்.

இவ்வரலாற்றினின்று நாம் நிறுவ முயல்வன இரண்டு. புலவர் வாழ்ந்த நிலையே அவர் கைக்கொண்ட இலக்கிய வடிவத்தை வரையறுத்தது என்பது ஒன்று. புகலிடம் என்பது உயிர்க்காப்போடு முடிவதன்று. நூலும் பெயரும் மீண்டும் அவர்க்கே உரியனவாதலில்தான் அது நிறைவுறும் என்பது மற்றொன்று.

2. வியட்நாமியச் சிறைப்பாட்டு மரபு

வியட்நாமிய இலக்கியத்தில் சிறைப்பாட்டு என்பது தனிப்பட்ட ஒருவர் தோற்றுவித்த புதுமையன்று. பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் நாட்டுப்பற்றாளர் பலர் கொன் தாவோத் தீவுச் சிறைக்கு அனுப்பப்பெற்றனர். அவருள் கற்றறிந்தோர் செய்யுள் இயற்றித் தம்முள் பரிமாறிக்கொண்டனர். 1908ஆம் ஆண்டு முதல் 1921ஆம் ஆண்டு வரை அத்தீவில் அடைபட்டிருந்த ஹுயின் துக் காங் என்னும் அறிஞர், தம் சிறைக்காலப் பாட்டுகளையும் அவை பிறந்த சூழல்களையும் தொகுத்து 1939ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஹோ சி மின் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தென்சீனச் சிறைகளில் இருந்தபோது சீன மொழியில் யாத்த 'சிறை நாட்குறிப்பு' 1960ஆம் ஆண்டில் வியட்நாமிய மொழிபெயர்ப்பாக ஹனோயில் வெளிவந்தது. அரசு அதனைப் போற்றியது, மாணாக்கர் பயின்றனர்.

எனவே, சிறையிலிருந்து பாடுவோன் மதிப்பிற்குரியவன் என்னும் கருத்தை அந்நாட்டு ஆட்சியே தன் மக்கட்குக் கற்பித்திருந்தது என்க. நுயென் சி தியென் அம்மரபின் வழித்தோன்றலே. வேறுபாடு ஒன்றே: முன்னையோரைச் சிறையிட்டவர் அயலார், இவரைச் சிறையிட்டவர் அச்சிறைகளிலிருந்து மீண்டு ஆட்சியேறியவர். இவ்வேறுபாட்டினால்தான் முன்னையோர் பாட்டு பாடநூலில் இடம்பெற, இவர் பாட்டு குற்றமாக எண்ணப்பட்டது.

3. 'மாற்றிப் படைத்தல்' என்னும் ஏற்பாடு

1954ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டின்படி வியட்நாம் 17ஆம் அகலக்கோட்டை ஒட்டி இரு கூறாயிற்று. வடபகுதியில் 1956ஆம் ஆண்டில் 'நான் வான்', 'யாய் பாம்' என்னும் இரு இதழ்களைச் சார்ந்த எழுத்தாளர் எழுத்துரிமை வேண்டிக் குரலெழுப்பினர். அவ்விதழ்கள் நிறுத்தப்பட்டன, எழுத்தாளர் பலர் ஒறுக்கப்பட்டனர். 1961ஆம் ஆண்டில் தேசியப் பேரவையின் நிலைக்குழு இயற்றிய 49ஆம் தீர்மானம், புரட்சிக்குப் பகையெனக் கருதப்பட்டோரை வழக்காராய்ச்சியின்றி மூன்றாண்டு முகாமில் வைக்க இடந்தந்தது. அம்மூன்றாண்டு நீட்டிக்கவும் படலாம்.

இவ்வேற்பாட்டிற்கு அவர்கள் இட்ட பெயர் 'காய் தாவோ' என்பது. 'காய்' என்பது மாற்றுதல். 'தாவோ' என்பது படைத்தல். மனிதனை மாற்றிப் படைத்தல் என்பதே அதன் சொற்பொருள். 1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் சைகோன் வீழ்ந்தபின், தென்னாட்டுப் படையினரும் அலுவலரும் அறிஞருமாக இலட்சக்கணக்கானோர் இவ்வேற்பாட்டிற்குள் கொணரப்பட்டனர். சிலர் சில நாட்களில் மீண்டனர். சிலர் 17 ஆண்டுகள் கழித்தே மீண்டனர். தென்னாட்டார் இதனை 1975ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட கொடுமையாக நினைவிற் கொள்வர். வடநாட்டாரான நுயென் சி தியென் அதற்கு 14 ஆண்டுகள் முன்னரே அதனுள் இருந்தார். இவ்வுண்மை அவருடைய புகலிட வரலாற்றை ஆராயுங்கால் இன்றியமையாதது.

4. நினைவே ஏடு

அவர் 1939ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் ஹனோயில் பிறந்தார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் நண்பர் ஒருவர்க்கு மாற்றாகப் பள்ளியில் வரலாற்று வகுப்பு ஒன்றை நடத்தினார். சப்பானியப் படையை மஞ்சூரியாவில் சோவியத்து நாடு முறியடித்தமையே உலகப்போரின் முடிவிற்குக் காரணம் எனப் பாடநூல் கூறிற்று. அவர் மாணாக்கர்க்கு ஹிரோசிமா, நாகசாகி நகரங்களின் மேல் அமெரிக்கர் வீசிய அணுகுண்டுகளை எடுத்துரைத்தார். இவ்வொரு திருத்தமே குற்றமாயிற்று. ஈராண்டு எனத் தொடங்கிய தண்டனை மூன்றரை ஆண்டாக நீண்டது. அம்முகாமில்தான் அவர் பாட்டியற்றத் தொடங்கினார். வெளிவந்த சில ஆண்டிலேயே, 1966ஆம் ஆண்டில், ஆட்சியைப் பழிக்கும் பாட்டுகளை இயற்றியவர் என்று மீண்டும் கைதானார். இம்முறை 11 ஆண்டுகளும் 5 திங்களும் வழக்காராய்ச்சியின்றிக் கழிந்தன.

முகாமில் தாளும் கோலும் கிடைத்தல் அரிது. கிடைப்பினும் எழுதிவைத்தல் கேடு பயக்கும். எழுதிய தாள் சோதனையில் அகப்பட்டால் அதுவே சான்றாகிவிடும். ஆதலின் அவர் பாட்டுகளை உள்ளத்தில் யாத்து, மீண்டும் மீண்டும் தமக்குள்ளே ஓதி நிலைநிறுத்தினார்.

ஈண்டு யாப்பின் பயன் ஆராயத்தக்கது. வியட்நாமிய மொழி ஓரசைச் சொற்களும் ஆறு குரலேற்ற இறக்கங்களும் உடையது. அதன் நாட்டுப்பா வடிவமாகிய 'லுக் பாட்' ஆறசை அடியும் எட்டசை அடியும் மாறிமாறி வருவது. ஆறசை அடியின் இறுதி, எட்டசை அடியின் ஆறாம் அசையோடு இயையும்; எட்டசை அடியின் இறுதி, அடுத்து வரும் ஆறசை அடியின் இறுதியோடு இயையும். இவ்வாறு ஈரடிதோறும் ஒரு புதிய இயைபு பிறந்து அடுத்த ஈரடியைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். எந்த அசையில் எவ்வகைக் குரல் வருதல் வேண்டும் என்பதும் வரையறை உடையது. ஒரு சொல் மறந்தால் தொடை முறியும். முறிந்த இடம் செவிக்கு உடனே புலனாகும். அந்தாதியின் பயனை அறிந்த தமிழாய்வாளர்க்கு இதன் ஆற்றல் விளக்க வேண்டுவதன்று. இவ்வியட்நாமிய மரபில் ஏழசைப் பாக்களும் எட்டசைப் பாக்களும் உள. தியெனின் பாட்டுகளும் இயைபொலியைக் கைவிடாதவை. அவருள் சில நான்கடியின் மேற்படாத சிறு பாட்டுகள்.

ஆகவே அவர் யாப்பைத் தேர்ந்தமை அணிநயம் வேண்டியன்று. பழைமைப் பற்றினால் மட்டும் நிகழ்ந்ததுமன்று. ஏடில்லாதவர்க்கு யாப்பே ஏடாயிற்று. சோதனையிட இயலாத ஏடும் அஃதொன்றே. அவர் பாட்டுகள் எளிய சொல்லால் அமைந்து, பசி, குளிர், உழைப்பு, உடன்சிறையாளர் சாவு ஆகியவற்றைச் சுற்றிவளைக்காது கூறுவதன் காரணமும் இதனால் ஓரளவு விளங்கும். நினைவில் சுமப்பவன் வேண்டாத சொல்லைச் சுமவான்.

5. 1979ஆம் ஆண்டு சூலை 16

1977ஆம் ஆண்டில் அவர் விடுவிக்கப்பட்டார். தென்னாட்டுப் படையலுவலரை வைக்க இடம் வேண்டியே பழைய கைதிகள் வெளியேற்றப்பட்டனர் என்பர். அடுத்த ஈராண்டில் அவர் தாம் நினைவில் சுமந்த பாட்டுகளைத் தாளில் இறக்கினார். ஏறத்தாழ 400 பாட்டுகள் கொண்ட சுவடி உருவாயிற்று. 1979ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் அவர் அச்சுவடியோடு ஹனோயிலுள்ள பிரித்தானியத் தூதரகத்திற்குள் ஓடி நுழைந்தார். அலுவலர் சுவடியை ஏற்று, நாட்டிற்கு வெளியே சேர்ப்பிப்பதாக உறுதி கூறினர். வாயிலைக் கடந்து வெளிவந்த அளவில் காவலர் அவரைப் பற்றினர்.

இந்நிகழ்ச்சியின் காலத்தை நோக்குக. 1979ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையமும் வியட்நாம் அரசும் முறைப்படியான வெளியேற்றத்திற்கு உடன்பாடு கண்டிருந்தன. சூலை 20, 21ஆம் நாட்களில் ஜெனீவாவில் 65 நாடுகள் கூடி, படகேறிக் கடலிற் சென்ற இந்தோசீன அகதிகளைப் பற்றி ஆராய்ந்தன. ஒரு நாட்டு மக்கள் உயிர்காக்கக் கடலில் இறங்கிய அதே கோடையில், அந்நாட்டுப் புலவர் ஒருவர் பாட்டைக் காக்கத் தம் உடலைக் காவலர் கையில் விட்டார். சுவடி வெளியே சென்றது. அவர் ஹோவா லோச் சிறைக்குள் சென்றார்.

ஹோவா லோ என்பது 'கனலடுப்பு' எனப் பொருள்படும். முன்பு களிமண் அடுப்பு வனைந்து விற்ற தெருவின் பெயர் அது. பிரெஞ்சுக்காரர் அங்கே எழுப்பிய நடுவண் சிறையில் முதலில் வியட்நாமிய விடுதலை வீரரும், பின்னர் அமெரிக்கப் போர்க்கைதிகளும், அவர்கட்குப் பின்னர் இவரும் அடைக்கப்பட்டனர். ஆறாண்டு அங்கும், ஏனைய ஆண்டுகள் வடநாட்டின் பிற சிறைகளிலும் கழிந்தன. 1991ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் விடுதலை பெற்றார். மூன்று சிறைவாழ்வும் கூட்டினால் 27 ஆண்டுகள் ஆகும். மூன்றாம் சிறைவாழ்விலும் அவர் பாடுதலை விடவில்லை. மேலும் முந்நூறளவு பாட்டுகளை முன்போலவே நினைவில் யாத்து வைத்தார்.

6. பெயரில்லாப் பாட்டு

வெளிச்சென்ற சுவடி இலண்டன் பல்கலைக்கழகத்தில் வியட்நாமியம் கற்பித்த பாட்ரிக்கு ஹனி என்னும் ஆசிரியர் கைக்கு வந்தது. அங்கிருந்து அமெரிக்கா வாழ் வியட்நாமியரை அடைந்து, 1980ஆம் ஆண்டில் ஆசிரியர் பெயரின்றி இரு வேறு தலைப்புகளில் அச்சேறிற்று. 'பள்ளத்தின் அடியினின்று எழும் எதிரொலி' என்பது ஒரு தலைப்பு; 'வியட்நாமியன் ஒருவனின் இறுதி முறி' என்பது மற்றொன்று. இசையறிஞர் பாம் சூயி அவற்றுள் சிலவற்றிற்குப் பண்ணமைத்துச் 'சிறைப்பாடல்' என வெளியிட்டார். ஹுயின் சான் தொங் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1984ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகச் சார்பில் வெளிவந்தது. 1985ஆம் ஆண்டில் ரோட்டர்டாம் பன்னாட்டுக் கவிதை விழாவில் அவருக்குப் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு பெறுவோர் இருக்கை வெறுமையாக இருந்தது.

நூலுக்குப் பின்னர் நிலைத்த பெயர் 'ஹோவா தியா நுக்' என்பது. 'ஹோவா' என்பது பூ. 'தியா நுக்' என்பது நரகம். ஆதலின் 'நரகப் பூக்கள்' என்பர். ஆயினும் சொல்லைப் பிரித்து நோக்கின், 'தியா' நிலத்தையும் 'நுக்' சிறையையும் குறிக்கும். சீனத்தினின்று வியட்நாமியம் கடன்கொண்ட இச்சொல்லில் நரகம் என்பதே நிலத்தடிச் சிறை என்னும் பொருட்டு. மொழிபெயர்ப்பில் உவமையாகத் தோன்றுவது மூலத்தில் நேர்ப்பொருளாகவே நிற்கின்றது. சிறையை நரகமாகப் பாடினார் என்பதினும், நரகம் என்னும் சொல்லுக்குள் முன்னரே இருந்த சிறையை வெளிக்கொணர்ந்தார் என்பதே பொருந்தும்.

7. புகலிட வாயில்

1991ஆம் ஆண்டில் வெளிவந்தவர் ஹனோயிலேயே கண்காணிப்பின்கீழ் வாழ்ந்தார். அக்காலத்தில் முன்னாள் அரசியற் கைதிகட்கு ஒரு வாயில் திறந்திருந்தது. அதன் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். கைதிகளின் குடும்பத்தார் 1977ஆம் ஆண்டு முதலே அமெரிக்காவில் ஒருங்குகூடி முறையிட்டு வந்தனர். குக் மின் தோ என்னும் அம்மையார் அம்முயற்சிக்குத் தலைமை பூண்டார். நெடிய பேச்சுக்குப் பின்னர் 1989ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அமெரிக்காவும் வியட்நாமும் உடன்பாடு கண்டன. முகாம்களில் மூன்றாண்டும் அதற்கு மேலும் இருந்த தென்னாட்டார் தம் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறலாம் என்பது அதன் சாரம். 1990ஆம் ஆண்டு சனவரியில் முதற்குழுவினர் புறப்பட்டனர். வியட்நாமியர் இத்திட்டத்தை 'எச். ஓ.' என்னும் ஈரெழுத்தாற் குறித்தனர். அவ்வழி வந்த குடும்பத்தாரையும் அவ்வெழுத்தாலேயே அழைத்தனர்.

தியெனின் தமையனார் தென்னாட்டுப் படையில் அலுவலராக இருந்து முகாமில் பல்லாண்டு கழித்தவர். அவர் இவ்வழியே 1993ஆம் ஆண்டில் வர்ஜீனியா சென்று சேர்ந்தார். தியெனின் நிலை வேறு. அவர் தென்னாட்டு அரசிற்கோ அமெரிக்கர்க்கோ பணி புரிந்தவரல்லர். வடநாட்டிலேயே பிறந்து வடநாட்டிலேயே சிறைப்பட்டவர். தமையனாரினும் இருமடங்கு காலம் சிறையிலிருந்தும், அவ்வேற்பாட்டின் வரையறைக்குள் அவர் எளிதில் அடங்கவில்லை. அகதியை வரையறுக்கும் சட்டம் துன்பத்தின் அளவை நோக்குவதன்று. துன்புற்றவர் எப்பக்கத்தவர் என்பதையே முதலில் நோக்குவது என்பதற்கு இவ்வுடன்பிறந்தார் இருவரும் தக்க எடுத்துக்காட்டாவர்.

அவர்க்காக முயன்றவருள் முதன்மையானவர் நொபொரு மசுவோக்கா என்னும் ஓய்வுபெற்ற அமெரிக்க வான்படை அலுவலர். சப்பானிய மரபினரான அவர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு தன் சப்பானிய வழிக் குடிமக்களை அடைத்து வைத்த முகாம்களுள் ஒன்றிலிருந்தே 1945ஆம் ஆண்டில் படைக்கு எடுக்கப்பட்டவர். வழக்காராய்ச்சியின்றி முகாமில் வைத்தல் எத்தகையது என்பதை அவர் பிறர் சொல்லக் கேட்டறிய வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தியென் அமெரிக்க மண்ணை அடைந்தார். அப்போது அவர்க்கு அகவை 56.

8. தாளின் அச்சம் நீங்கியபின்

புகலிடத்தில் அவர் செய்த முதற்பணி எஞ்சிய பாட்டுகளைத் தாளில் இறக்கியது. மூன்றாம் சிறைவாழ்வின் பாட்டுகள் 1996ஆம் ஆண்டில் இரண்டாம் தொகுதியாக வெளிவந்தன. இவ்வாறு முதற்றொகுதி ஆசிரியர்க்கு 16 ஆண்டுகள் முன்னும், இரண்டாம் தொகுதி அவர் உள்ளத்திலேயே அவரோடு உடனும் கடல் கடந்தன.

அதன்பின் நிகழ்ந்ததே நம் ஆய்விற்கு இன்றியமையாதது. 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பன்னாட்டு எழுத்தாளர் பேரவை, ஒடுக்கப்பட்ட எழுத்தாளரை ஏற்கும் அடைக்கல நகரங்களின் அமைப்பு ஒன்றை உருவாக்கியிருந்தது. அதன் நல்கை பெற்று அவர் 1998ஆம் ஆண்டு முதல் மூன்றாண்டு பிரான்சில் வாழ்ந்தார். ஆங்கு அவர் எழுதியது உரைநடை. உடன்சிறையாளர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட கதைகள் 'ஹோவா லோ' என்னும் பெயரால் 2001ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2007ஆம் ஆண்டில் யேல் வழியே ஆங்கிலத்திலும் வந்தன.

நாற்பதாண்டு பாவலராக இருந்தவர் அறுபதாம் அகவையில் உரைநடையாளர் ஆனமைக்குக் காரணம் என்னை? ஆற்றல் குன்றியது என்று கூறுதல் எளிது, அது காரணமன்று. உரைநடையை மனப்பாடமாகச் சுமத்தல் அரிது. ஒருவன் எவ்வாறு பேசினான், எவ்வாறு சோற்றைப் பகிர்ந்தான், எதற்குச் சிரித்தான் என்னும் நுண்மைகளுக்கு இயைபுத் தொடை இடந்தாராது. அவற்றிற்குத் தாள் வேண்டும். தாளை மறைக்க வேண்டாத அறை வேண்டும். அவ்வறையே புகலிடம் அவர்க்குத் தந்த கொடை. பாட்டுகளில் 'நாங்கள்' எனத் திரண்டு நின்ற சிறையாளர், கதைகளில்தான் தனித்தனி மாந்தராகப் பிரிந்து நடக்கலாயினர். ஆதலின் உரைநடைக்கு மாறியது பாவலரின் தேய்வன்று. அவர் விடுதலையின் இலக்கியச் சான்று என்றே நாம் கொள்வோம்.

9. ஆசிரியர் யார் என்னும் ஐயம்

புலவர் பின்னர்க் கலிபோர்னியாவில் வியட்நாமியர் செறிந்து வாழும் ஆரஞ்சு மாவட்டத்தில் தங்கினார். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். ஆயினும் ஐயம் ஒன்று அவரைத் தொடர்ந்தது. உண்மைப் புலவர் சிறையிலேயே இறந்தார். வந்தவர் ஹனோய் ஆட்சி அனுப்பிய போலி. பாட்டுகள் பிறருடையவை என்று புலம்பெயர்ந்த வியட்நாமியருள்ளேயே சிலர் எழுதினர். 2008ஆம் ஆண்டில் அது பெரும்பூசலாக வளர, அவர் செய்தியாளர் முன் தோன்றி விடையளிக்க நேர்ந்தது. 27 ஆண்டு சிறையிருந்தவர், தாமே தாம் என்று மெய்ப்பிக்க வேண்டியவரானார்.

இவ்வையத்தைத் தீய எண்ணத்தின் விளைவாக மட்டும் கொள்ளுதல் ஆராய்ச்சி முறையாகாது. நூல் ஆசிரியர் பெயரின்றி முன்வந்தது. ஆசிரியர் நூலின்றிப் பின்வந்தார். இடையில் 16 ஆண்டு வெற்றிடம் இருந்தது. வெற்றிடம் உள்ள இடத்தில் ஐயம் குடிபுகும். ஒற்றர் அச்சத்திலேயே வாழ்ந்து பழகிய மக்கள், அவ்வச்சத்தையும் தம் மூட்டையோடு கொண்டுவந்தனர். நூலாசிரியர் யார் என்னும் வினாவை அகச்சான்றும் புறச்சான்றும் கொண்டு ஆராய்தல் நமக்குப் பழகிய முறையே. புறச்சான்றாக, 1979ஆம் ஆண்டுச் சுவடியின் எழுத்தும் புலவரின் பிற்காலக் கையெழுத்தும் வல்லுநரால் ஒப்பிடப்பட்டு ஒருவர் கையே எனக் காணப்பட்டன. உடன்பிறந்தாரின் சான்றும் இருந்தது. அகச்சான்றும் வலியது: முதற்றொகுதியின் குரலும் இரண்டாம் தொகுதியின் குரலும், அவற்றைத் தொடர்ந்த கதைகளின் உலகும் ஒன்றை ஒன்று அரண் செய்கின்றன. இரண்டாம் தொகுதியின் பாட்டுகளை நினைவிலிருந்தே தாளில் இறக்கியவர், முதற்றொகுதிக்கு அயலாராதல் யாங்ஙனம்?

எனினும் சான்றுகள் ஐயுற்றோர் அனைவரையும் அமைதியுறச் செய்யவில்லை. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், 73ஆம் அகவையில், கலிபோர்னியாவில் அவர் மறைந்தார்.

10. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. சிறையில் யாப்பு ஏடாகப் பயன்பட்டது. புகலிடத்தில் ஏடு கிடைத்தபின் உரைநடை பிறந்தது. எனவே இப்புலவரின் இலக்கிய வடிவங்களை அவர் இருந்த இடங்களினின்று பிரித்து மதிப்பிடுதல் தவறாகும். அவர் பாட்டுகளைச் சான்றுரையாக மட்டும் படிப்போரும், அரசியல் முழக்கமாக மட்டும் ஒதுக்குவோரும் இவ்வுண்மையைக் காணத் தவறுகின்றனர்.

அடுத்து, குடியேற்ற அலுவலகம் ஒருவர்க்கு நுழைவுச் சீட்டும் குடியுரிமையும் நல்கலாம். அவர் நூலை அவர்க்கு மீட்டளித்தல் அதன் ஆற்றலுக்குள் அடங்காது. அது படிப்போரும் ஆய்வோரும் செய்ய வேண்டிய பணி. தியென் 1995ஆம் ஆண்டில் அமெரிக்கா புகுந்தார். தம் பாட்டிற்கு ஆசிரியராகப் புகுதற்கு அவர் மேலும் பல்லாண்டு வாயிலில் நின்றார். தூதரக வாயிலில் சுவடியை விட்டுத் திரும்பிய நாளில் அவர் அஞ்சாது இழந்தது தம் உரிமையை. பெயரை மீட்டுத் தரும் கடமை சுவடியைப் பெற்றுக்கொண்ட உலகினது. அக்கடமையைப் பாடவாராய்ச்சியும் ஆசிரியவாராய்ச்சியும் பயின்றோரே செவ்வனே ஆற்றவல்லர் என்பது நம் துணிபு.